மேற்குச் சரிவுப் பாறை பெற்ற பிள்ளை

சுங்கெங் ஊரின் மேற்குச் சரிவில் இருந்த பாறை, பன்றி ஆண்டு மூன்றாம் மாதம் ஒன்பதாம் நாள் காலையில், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருந்த பதினான்கு பெண்களின் கண்ணெதிரே பிள்ளை பெற்றது. அதற்கு முன் மூன்று நாள் வியர்த்தது. நிறைமாதப் பசு மாதிரி முனகியது. பிறகு நடுவில் பிளந்து, ஐந்து வயதுக் குழந்தை உயரத்துக்கு ஒரு குரங்கை வெளியே தள்ளிவிட்டுப் பழையபடி மூடிக்கொண்டது. குரங்கு சாம்பல் நிறம். தொப்புள் கிடையாது. கூடைகளை எறிந்துவிட்டு எல்லோரும் அலறிக்கொண்டு ஓடிவந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார்கள். அது பொய். மழைக்கு முந்தைய கொழுந்து ஒரு நாள் தப்பினால் முற்றிவிடும். அதனால் பன்னிரண்டு பேர் வரிசையை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். ஓடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. இன்னொருத்தி யின்சூ. அவள் மகன் ஷிபாவ் அந்தப் பாறைக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவன்.

நோஞ்சான் பிள்ளைகளைப் பாறைக்குக் கொடுப்பது சுங்கெங்கில் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிற வழக்கம். பெற்றவர்கள் பலவீனம், பாறை பலம், அதனால் பிள்ளை பாறையுடையது என்று சொல்லிவிட்டால் நோயாக வந்து பிள்ளையைக் கொண்டுபோகிற பேய்கள் ஏமாந்து திரும்பிவிடும் என்பது ஏற்பாடு. பிள்ளை பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்கையும் சிவப்புத் தாளில் எழுதி, சோற்றுப் பசையால் பாறையில் ஒட்ட வேண்டும். முட்டை போட்ட நீளச் சேமியா ஒரு கிண்ணம் வைக்க வேண்டும். "பெத்தது நாங்க, பிள்ளை உங்களது, வளர்க்க மட்டும் எங்ககிட்ட விடுங்க" என்று சொல்லிக் கும்பிட வேண்டும். பதினாறு வயதில் பன்றித்தலை வைத்து நன்றி சொல்லி மீட்டுக்கொள்ள வேண்டும். யின்சூவின் புருஷன் மூங்கில் காட்டில் மண்சரிவில் செத்தபோது அவள் வயிற்றில் எட்டு மாதம். பிறந்தது பூனைக்குட்டி அளவு இருந்தது. ஒரு மாதம் நிறைந்த அன்றே கொண்டுபோய்ப் பாறையிடம் கொடுத்தாள். பிள்ளை பிழைத்தான். மற்றவர்களும் அப்படித்தான் பிழைத்தார்கள். பாறை பிள்ளை பெற்ற ஆண்டில், எப்போதோ அதற்குக் கொடுக்கப்பட்டு உயிரோடு இருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் முப்பத்தொன்பது பேர் மீட்கப்பட்டவர்கள். மீட்கப்படாதவர்கள் இருவர்: ஏழு வயதுப் பையன் ஒருவன், பதினைந்து வயது ஷிபாவ்.

பாறைக்கென்று பிறந்த நேரம் கிடையாது. நேரமில்லாத பொருளால் எதையும் பெற்றெடுக்க முடியாது. ஆனால் நூறு ஆண்டாக ஊரே அதன்மேல் நேரத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. மழையில் தாள் கரைந்து, மை உள்ளே இறங்கி, ஊரார் பிறந்த நேரமெல்லாம் பாறையின் வயிற்றில் சேர்ந்துவிட்டது. அதையெல்லாம் பிசைந்துதான் அது தனக்கொரு பிள்ளை செய்துகொண்டது. கல்பிள்ளை என்று ஊர் பெயர் வைத்தது. ஐந்தாம் நாள் அது ஊருக்குள் இறங்கியபோது குரங்காக வரவில்லை. காகிதம் செய்கிற குழியில் மூங்கில் ஊறப்போடப் போன ஒருவனின் முகத்தோடு அவன் வீட்டுக்கு வந்து, அவன் சோற்றைத் தின்று, அவன் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனது. உண்மையான மகன் பசியோடு வந்து நின்றபோது அப்பன் விறகுக்கட்டையால் அடித்தான். அதிலிருந்து யாருக்கும் யார்மேலும் நிச்சயம் இல்லாமல் போயிற்று. பிள்ளை கிட்டே வந்தால் தாய்மார்கள் முதலில் பிடரியைத் தொட்டுப் பார்த்தார்கள். கல்பிள்ளைக்குப் பிடரி மட்டும் ஈரக்கல் போல் சில்லென்று இருக்கும். பனிக்காலத்தில் எல்லோர் பிடரியும் அப்படித்தான் இருக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

யாரை உடுத்திக்கொண்டதோ அவன் குரலில் அது பேசும். வேண்டும்போது பாறை எடை கனக்கும், வேண்டாதபோது நெல் உமி மாதிரி மிதக்கும். இரண்டு வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து பார்த்தது. ஒன்று தரையோடு போயிற்று, உள்ளே ஒரு கிழவரும் போனார். ஓடைத் தண்ணீரை மூன்று நாள் குடித்தது. தேயிலை வறுக்கிற சட்டிக்குள் சுருண்டு தூங்கியது. கீழே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பாதி விளையாட்டு, பாதி கொலை, எது எப்போது என்று அதற்கே தெரியாது.

லாய்வாங் என்ற வேட்டைக்காரன் நான்காம் மாதம் அதைக் குரங்கு உருவில் பார்த்துச் சுட்டான். நல்ல குறி. நாற்பது அடியில், பகல் வெளிச்சத்தில், விலா எலும்புக்குக் கீழே பட்டது. கல்பிள்ளை விழுந்து, புரண்டு, எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தது. "அப்பா, வலிக்குதுப்பா" என்று சொன்னது. அது லாய்வாங்கின் ஏழு வயது மகனின் குரல். அவன் வீட்டுக்கு ஓடினான். பையன் வாசலில் பாதி உரித்த வேர்க்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு செத்துக் கிடந்தான். விலாவுக்குக் கீழே ஓட்டை. சொட்டு ரத்தம் இல்லை. கல்பிள்ளை யாருடைய நேரத்தை உடுத்தியிருக்கிறதோ அவனுக்குத்தான் அடி விழும் என்று அன்றைக்கு ஊர் தெரிந்துகொண்டது. எதை உடுத்துவது என்று அது பார்த்துத்தான் எடுக்கிறது என்பதும் தெரிந்தது. லாய்வாங் துப்பாக்கியை ஓடையில் போட்டான்.

யின்சூ அன்றிலிருந்து மகனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். யாராவது கல்பிள்ளையின்மேல் கல்லெறியக் கை ஓங்கினால் போய்க் கையைப் பிடித்தாள். புத்தாண்டு வந்தால் ஷிபாவுக்குப் பதினாறு. பன்றித்தலை வைத்து மீட்டுவிட்டால் அவன் தப்பினான். அதுவரைக்கும் யாரும் அதை எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். மற்றவர்களும் சரி என்றுதான் இருந்தார்கள், தெங் மூப்பருக்கு அவமானம் நேரும்வரை.

தெங் மூப்பர் குலத்துக்குத் தலைவர், அறுபத்திரண்டு வயது, நரைத்த பின்னல், பேச்சில் வெட்டு. ஏழாம் மாத முன்னோர் படையலுக்குக் குலக்கூடத்தில் ஊரே கூடி அவரை வணங்கியது. அவர் படையல் வாத்து முழுவதையும் தானே தின்றார். முப்பது வருட நிலத்தகராறு ஒன்றில் தன் எதிராளிக்கே நிலத்தைக் கொடுத்தார். மருமகள்கள் இனிமேல் மாமியாரைத் திட்டலாம் என்று உத்தரவு போட்டார். ஊர் வியந்து கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, வயிற்றுப்போக்கால் தாமதமான உண்மையான மூப்பர் வாசலில் வந்து நின்றார். நாற்காலியில் இருந்தவர் வாலை எடுத்து ஆட்டிக் காட்டிவிட்டு கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு போனார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் மூப்பர் மாவட்ட நகருக்கு ஆள் அனுப்பி, துப்பாக்கிச் சிப்பாய்கள் பன்னிரண்டு பேரைக் கேட்டார். ஊர் நன்மைக்கு என்று எழுதினார். அப்படித்தான் எழுதுவார்கள்.

சிறுவனாக இருந்தபோது மூப்பரையும் பாறைக்குக் கொடுத்திருந்தார்கள். அது அவருக்கே பாதி மறந்துவிட்டது. நகருக்கு ஆள் போன அன்றைக்கு நாலு குலப் பெரியவர்களோடு அவர் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது யின்சூ போய் நின்றாள்.

"மூப்பரே, புத்தாண்டு வரைக்கும் பொறுங்க. நாலே மாசம். என் பிள்ளைய மீட்டுடறேன். அப்புறம் சுடுங்க, எரிங்க, என்ன வேணாலும் பண்ணுங்க."

"நாலு மாசத்துல அது இன்னும் எத்தனை கூரைய இறக்கும்? உன் வீட்டுக் கூரை நிக்குதுல்ல, அதான் பேசற."

"அது ஷிபாவ் நேரத்த உடுத்தியிருந்தா?"

"மீட்காம மிச்சமிருக்கறது அவன் ஒருத்தன்தான். நாங்கள்லாம் பன்றித்தலை வெச்சு வந்தாச்சு, எங்க மூஞ்சிய எடுத்தாலும் நேரத்த எடுக்க முடியாது. ஒரு வீட்டு அழுகையோட ஊருக்குப் பீடை தொலையுதுன்னா தொலையட்டும்."

"உங்க வீட்டு அழுகையா இருந்தா?"

"இல்லியே." மூப்பர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "போம்மா. போயி பிள்ளைக்கு நல்லதா ஆக்கிப் போடு."

பெரியவர்கள் நாலு பேரும் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருவர் யின்சூவின் சொந்த மாமன்கள்.

மறுநாள் காலை அவள் மேற்குச் சரிவுக்கு ஏறினாள். கல்பிள்ளை பாறைமேல் ஷிபாவின் முகத்தோடு உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மூஞ்சிய எடு முதல்ல" என்றாள்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு? மூக்குதான் கொஞ்சம் சப்பை. உங்க வீட்டு மூக்கு." ஆனாலும் குரங்கு முகத்துக்கு மாறிக்கொண்டது.

"சிப்பாய் வர்றான். எங்கயாவது ஓடிப் போயேன்."

"வரட்டுமே. எனக்கென்ன? நாற்பது சட்டை இருக்கு."

"என் பிள்ளையோடத எடுக்காத. உன் கால்ல விழறேன். புத்தாண்டுல அவனுக்குப் பதினாறு, மீட்டுடுவேன்."

கல்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாறையும் உள்ளுக்குள் குலுங்கியது. "பதினாறா? யாரு சொன்னா?"

சுங்கெங்கில் பிள்ளை பிறந்தவுடனே ஒரு வயது. புத்தாண்டு வந்தால் இன்னொரு வயது. ஆண்டுக் கடைசி நாளில் பிறந்தவனுக்கு மறுநாளே இரண்டு. பிள்ளையைப் பாறைக்கு ஒரு மாதத்தில் கொடுத்தாலும், ஒன்பது வயதில் காய்ச்சல் வந்த பிறகு கொடுத்தாலும், ஊர்க்கணக்கில் பதினாறு ஆனதும் மீட்டுவிடுவார்கள். யாரும் பாறையைக் கேட்டதில்லை. பாறைக்குப் புத்தாண்டு தெரியாது. தன் கையில் பிள்ளை வந்த நாளிலிருந்து பதினாறு குளிர்காலம் அது எண்ணும். அதற்குமுன் கொண்டுபோய் வைத்த பன்றித்தலையையெல்லாம் விருந்து என்று நினைத்துக்கொண்டது. நூறு ஆண்டில் சுங்கெங்கில் ஒரு பிள்ளைகூட மீட்கப்படவில்லை. இதைக் கல்பிள்ளை ஒவ்வொரு பெயராக விரல் மடக்கிச் சொன்னது. மூப்பரைக் கொடுத்தபோது அவருக்கு ஒன்பது வயது. ஏழு குளிரில் மீட்டிருக்கிறார்கள். "ஒருத்தரும் போகல. எல்லாரும் உள்ளதான் இருக்கீங்க" என்றது.

அவள் நேராகக் குலக்கூடத்துக்குப் போய் அப்படியே சொன்னாள். மூப்பர் அவளை முடிக்க விடவில்லை.

"குரங்கு சொல்லுச்சு, நீ கேட்டுட்டு வந்த. நாளைக்கு அது எனக்குப் பிரசவம் ஆகும்னு சொன்னாலும் வந்து சொல்லுவியா?"

கூடத்தில் சிரித்தார்கள். யின்சூ வீட்டுக்குப் போனாள். கடிதம் எழுதித் தருகிறவரிடம் ஒரு சிவப்புத் தாளில் நாலு வரி எழுதி வாங்கினாள். எழுதியவர் படித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க நேரமாச்சே, அண்ணி" என்றார். அவள் ஆமாம் என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பதாம் மாதம் பதினொன்றாம் நாள் சிப்பாய்கள் வந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சரிவில் வரிசையாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஊர் முழுக்க ஏறியது. மூப்பருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். யின்சூ ஒரு கையில் மகனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மூடிய கூடையோடு கடைசியில் நின்றாள். கல்பிள்ளை பாறைமேல் நின்று சிப்பாய்த் தலைவனைப் போலவே மீசையை முறுக்கிக் காட்டியது. தலைவன் கை காட்டினான். பன்னிரண்டு துப்பாக்கியும் வெடித்தன. கல்பிள்ளை பின்னால் சாய்ந்தது.

யின்சூ கண்ணை மூடிக்கொண்டு மகனின் பிடரியை அழுத்தினாள். சூடாக இருந்தது. அவன் "அம்மா, விரல எடு, வலிக்குது" என்றான். அப்போதுதான் நாற்காலி சாய்கிற சத்தம் கேட்டது. தெங் மூப்பர் கையில் இருந்த தேநீர்க் கிண்ணத்தைச் சிந்தாமல் பிடித்தபடி தரையில் கிடந்தார். மார்பில் பன்னிரண்டு ஓட்டை.

கல்பிள்ளை எழுந்து மூப்பரின் குரலில், "அடுத்தது யாரு?" என்று கேட்டது.

ஊருக்குக் கணக்கு அந்த நொடியில் புரிந்தது. பாறைக்குக் கொடுக்கப்பட்டவர்கள், பல் விழுந்தவர்கள் வரைக்கும், "சுடாதீங்க" என்று கத்தினார்கள். பன்றி வெட்டுகிற ஒருவன் சிப்பாய்த் தலைவனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். யின்சூவின் மாமன்கள் இருவரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள். "எனக்கு உத்தரவு இருக்கு. கொன்னுட்டுதான் போவேன். மருந்து கெட்டிங்கடா" என்றான் தலைவன். மருந்து கெட்டித்து, குண்டு தள்ளி, திரி பற்றவைக்க நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் அவளுக்குக் கிடைத்தது. மகனின் கையை விட்டுவிட்டு, கூடையைத் திறந்து, முட்டை போட்ட சேமியாக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினாள்.

"என்ன இது?" என்றது கல்பிள்ளை.

"உன்னைத் தத்து எடுக்க வந்திருக்கேன். உன்னைப் பெத்த பாறை என் பிள்ளைய வெச்சிருக்கு. நான் அதோட பிள்ளைய வெச்சுக்கறேன்."

"எனக்கெதுக்கு?"

"நீ உடுத்தறது எல்லாம் இரவல். ஒண்ணாவது உனக்குன்னு யாராவது குடுத்ததா? இந்தா, இது என் நேரம். யாருகிட்டேருந்தும் புடுங்கினது இல்ல. நானே குடுக்கறேன், முழுசா. ஆனா மத்தத எல்லாம் இங்கயே கழட்டிப் போடணும். ஒண்ணு விடாம."

அது பிறந்ததிலிருந்து சிரிக்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். தாளை முகர்ந்து பார்த்தது. அவளைப் பார்த்தது. கிண்ணத்தைப் பார்த்தது. "சாப்பிட்டா ஒத்துக்கிட்டதா?" என்று கேட்டது. "ஆமா" என்றாள். கீழே திரிகள் புகைந்தன. அது இரண்டு கையாலும் சேமியாவை வாயில் அள்ளிக்கொண்டது. அவள் சோற்றுப் பசையைத் தடவித் தாளை அதன் மார்பில் ஒட்டி, "பெத்தது பாறை, பிள்ளை என்னுது" என்றாள். சரிவில் நின்றவர்களில் முப்பத்தொன்பது பேர் ஒரே சமயத்தில் தும்மினார்கள். ஷிபாவ் இரண்டு தடவை தும்மினான்.

இரண்டாம் முறை வெடித்தது. பன்னிரண்டு குண்டும் கல்பிள்ளைமேல்தான் பட்டன. யின்சூ தள்ளாடி உட்கார்ந்தாள். சட்டையில் பன்னிரண்டு ஓட்டை விழுந்திருந்தது. உதறியபோது தட்டையான ஈயத்துண்டுகள் மடியில் கொட்டின. இரவல் நேரத்தில் அடி மட்டும்தான் கைமாறும், கொடுத்த நேரத்தில் இரண்டு பக்கமும் போய்வரும் என்று ஊர் பிறகு விளக்கம் கண்டுபிடித்தது. அவளுடைய நேரம் கல்லுக்குப் போயிருந்தது, கல்லின் உறுதி அவளுக்கு வந்திருந்தது. அவ்வளவுதான். சிப்பாய்த் தலைவன் காட்டில் ஒரு சாதாரணக் குரங்கைச் சுட்டு வாலை வெட்டி எடுத்துக்கொண்டு போனான். மாவட்ட ஏட்டில் கல்பிள்ளை அன்றே செத்துவிட்டது.

அது யின்சூவின் வீட்டில் இருந்தது. சமையலறைச் சுவரோரம் படுத்தது. முகம் மாற்றுவது நின்றுபோயிற்று, மற்ற குறும்பு நிற்கவில்லை. ஆனால் கூரைமேல் உட்காருவதற்கு முன் அம்மாவைக் கேட்டுக்கொண்டது. இரண்டு ஆண்டு கழித்து, பாறைக் கணக்கில் பதினாறு குளிர் முடிந்த நாளில், அவள் பன்றித்தலை வைத்து ஷிபாவை முறையாக மீட்டாள். சுங்கெங்கில் முறையாக மீட்கப்பட்ட முதல் ஆள் அவன். மற்றவர்களும் தங்கள் குளிர்காலங்களை எண்ணி வரிசையாக வந்தார்கள். அதன்பிறகு பாறைக்கு யாரும் பிள்ளை கொடுக்கவில்லை. ஷிபாவ் காகிதக் குழியில் வேலை செய்தான், கல்யாணம் செய்துகொண்டான், ஐந்து பிள்ளை பெற்றான். ஆண்கள் பின்னலை வெட்ட வேண்டும் என்று உத்தரவு வந்த ஆண்டில் வெட்டினான். ராஜா போனார், பட்டாளங்கள் வந்து போயின. எழுபத்து மூன்று வயதில், பாறைக் கணக்கில் எழுபத்தொன்றே முக்காலில், எல்லோரையும் போல இருமி இருமிச் செத்தான். யின்சூதான் குளிப்பாட்டினாள். அப்போது அவளுக்குத் தொண்ணூற்று மூன்று. வீட்டில் அவளைவிட நிமிர்ந்து நின்றவர்கள் இல்லை.

அடக்கம் முடிந்து வந்து அவள் கல்பிள்ளையிடம் தாளைத் திருப்பிக் கேட்டாள். போதும் என்றாள். அது மறுக்கவில்லை. "எப்ப கேட்டாலும் கழட்டித் தர்றேன், அம்மா. உடனே போயிடுவ, வலிக்காது. ஆனா எனக்கு உடுத்த வேற வேணுமே, பாறைக்குக் குடுக்காதவங்களோடதையும் இப்ப எடுக்கத் தெரியும்" என்றது. சொல்லிவிட்டு முற்றத்தைப் பார்த்தது. அங்கே ஷிபாவின் பேரப்பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக இருபத்தாறு பேர், சாவு வீடு என்று தெரியாமல், ஓடையில் பிடித்த நண்டுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யின்சூ அவர்களை எண்ணினாள். பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஊருக்கு இது தெரியும். அவள் தண்ணீர் தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, மனம் வெறுத்துப்போகக் கூடாது என்று வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்கள். அன்பு என்று சொல்லிக்கொள்கிறார்கள். பயம். யாராவது அவளிடம் குரலை உயர்த்தினால் மற்றவர்கள் அவனை வெளியே இழுத்துப்போய் அடிக்கிறார்கள். குடும்ப ஏட்டுக்கு ஆள் எண்ண வந்த அதிகாரி அவள் வயதைக் கேட்டு நூற்றிருபத்தொன்று என்று எழுதிக்கொண்டார், பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை இளைய மகன் என்று எழுதிக்கொண்டார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவள் தோல் மேற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் பாசி பிடித்திருக்கிறது. பிடரி சில்லென்று இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை, ஷிபாவ் செத்த நாளில், கல்பிள்ளை சாப்பிடும்போது தலையைத் தூக்கி, "இந்த வருஷம் கழட்டட்டுமா, அம்மா?" என்று கேட்கும். வெளியே பிள்ளைகள் சத்தம் போடுகிற முற்றம் அந்த நேரத்தில் அடங்கிவிடும். வீட்டுப் பெண்கள் கையில் இருப்பதைப் பிடித்தபடி அசையாமல் நிற்பார்கள்.

"உப்புப் போதலன்னா சொல்லு" என்பாள் யின்சூ. "வேற பேச்சு வேண்டாம்."

கல்பிள்ளை கொஞ்சம் உப்புக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும்.